தாயில்லா வீட்டில் தந்தையும் மகனும்

 



ஒரு நாள் மஃரிபுத் தொழுகை முடிந்து, ஜமாஅத்தார் எல்லோரும் கலைந்து போன பின்பும் ஒருவர் மட்டும் தூணோரம் உட்கார்ந்திருந்தார். ஐம்பதை எட்டிய வயது. இருபதாண்டுக் காலம் சவூதியில் உழைத்து, மனைவி மவ்த்தான பிறகு ஊரோடு வந்து சேர்ந்து, கடைத்தெருவில் ஒரு சிறு கடை வைத்திருப்பவர். மெள்ள நம்மிடம் நகர்ந்து வந்தார். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும்" என்றார்.

கேளுங்கள் என்றோம்.

"என் மகனை எனக்கு மகன் இல்லேன்னு விலக்கி வைக்கலாமா? பத்திரிகையில விளம்பரம் கொடுத்துட்டா, எனக்குப் பின்னாடி என் சொத்துல அவனுக்குப் பங்கு வராம இருக்குமா?"

இருப்பது ஒரே மகன். வயது பதினேழு. பள்ளிக்கூடம் போவதில்லை. இரவு இரண்டு மணிக்கு வீடு திரும்புகிறான். சட்டைப் பையில் சிகரெட் இருக்கிறது. கடையில் கல்லாவிலிருந்து பணம் எடுத்திருக்கிறான். முதல் நாள் தந்தை கை நீட்ட, மகன் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறான். "அடிக்கலை ஹஜ்ரத், பிடிச்சான். அடிச்சிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது" என்றார் அவர்.

இதை நாம் எழுதுவது ஒரு குடும்பத்தின் அந்தரங்கத்தை அம்பலமாக்குவதற்கு அல்ல. அவ்விருவரின் அனுமதியையும் பெற்று, பெயரும் ஊரும் விடுத்தே எழுதுகிறோம். தாயில்லாத வீடுகள் நம் சமுதாயத்தில் பல உள்ளன. அங்கே ஒரு கூரையின் கீழ் ஒரு தந்தையும் ஒரு மகனும் பேச்சின்றி வாழ்ந்து வருகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

கேட்ட கேள்விக்கு விடை

மார்க்கத்தின் விடையை முதலில் சொல்லி விடுவோம். இஸ்லாத்தில் மகனை விலக்கி வைத்தல் என்று ஒன்று கிடையாது. பிள்ளை என்பது வல்ல அல்லாஹ் ஏற்படுத்திய உறவு. மனிதன் கையெழுத்திட்டு அதை வெட்டி விட முடியாது. பத்திரிகையில் நூறு விளம்பரம் கொடுத்தாலும், தந்தை கண்மூடிய அடுத்த நொடியில் மகன் வாரிசு. ஒருவரின் வாரிசு அவரையே கொலை செய்தாலோ, மார்க்கத்தை விட்டு நீங்கினாலோ பங்கு தடைப்படும் என்று ஷாஃபிஈ, ஹனஃபீ சட்ட நூல்கள் இரண்டும் கூறுகின்றன. சொல் பேச்சுக் கேளாமை அந்தப் பட்டியலில் இல்லை. சிகரெட்டும் இல்லை, இரவில் ஊர் சுற்றுவதும் இல்லை.

உயிரோடிருக்கும் போது தம் பொருளை வழங்கிவிட ஒருவருக்கு உரிமை உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் சம்பவத்தை நினைவிற் கொள்ளுங்கள். ஹஜ்ஜத்துல் விதாவுடைய ஆண்டில் மக்காவில் கடும் நோயுற்றிருந்தார்கள் அவர்கள். அப்போது அவர்களுக்கு ஒரே ஒரு மகள். தம் செல்வத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தருமம் செய்யட்டுமா எனக் கேட்டார்கள். பெருமானார் (ஸல்) வேண்டாம் என்றார்கள். பாதி? வேண்டாம். மூன்றில் ஒன்று? அதற்கு இசைந்து, அதுவே அதிகந்தான் என்றும் அருளினார்கள். வாரிசுகளை மற்றவரிடம் கையேந்தும் நிலையில் விட்டுச் செல்வதை விடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே மேல் என்று காரணமும் கூறினார்கள். தருமத்திற்காகக்கூட வாரிசைக் காலியாக்கக் கூடாது எனும்போது, கோபத்திற்காகக் காலியாக்கலாமா?

இவ்வளவும் சொன்னோம். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப நான் என்னதான் செய்யறது?" என்றார். அதற்கு உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. காரணம், அந்தப் பிள்ளை விஷயத்தில் நம் மீதும் ஒரு குற்றம் இருந்தது.

நம் குற்றம்

ஓராண்டுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. அந்தப் பையன் நண்பர்கள் இருவரோடு ஜும்ஆவுக்கு வந்து கடைசி ஸஃப்பில் உட்கார்ந்திருந்தான். தலைமுடியை ஒரு மாதிரியாக வெட்டியிருந்தான். நாம் மிம்பருக்கு முன்பாகச் செய்யும் பயானில் இளைஞர்களின் தலைமுடியைப் பற்றிப் பேச்செடுத்தோம். பெயர் சொல்லவில்லை. ஆனால் சொன்ன விதத்தில் பள்ளிவாசலே திரும்பி அவனைப் பார்த்தது. சிலர் சிரித்தார்கள். அவன் தொழுது விட்டுத்தான் போனான். அதன் பிறகு வரவில்லை.

அன்று நாம் நன்மையை ஏவினோம் என்றே எண்ணிக்கொண்டோம். பின்னர் ஒரு நாள் அபூ மஹ்தூரா (ரலி) அவர்களின் வரலாற்றை ஓதிக் கொண்டிருந்த போதுதான் நெஞ்சு சுட்டது.

ஹிஜ்ரி எட்டாம் ஆண்டு. ஹுனைன் போர் முடிந்து பெருமானார் (ஸல்) திரும்பிக் கொண்டிருக்கிறார்கள். வழியில் முஅத்தின் பாங்கு சொல்ல, மக்காவைச் சேர்ந்த சில வாலிபர்கள் தூர நின்று அந்தப் பாங்கையே கேலியாகத் திருப்பிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நபிகளார் (ஸல்) அவர்களை அழைத்து வரச் செய்தார்கள். உரத்துக் கேட்ட குரல் எவருடையது என விசாரித்தார்கள். எல்லோரும் அபூ மஹ்தூராவைக் கைகாட்டினார்கள். மற்றவர்களை அனுப்பிவிட்டு அவரை மட்டும் நிறுத்தினார்கள். என்ன தண்டனை கிடைத்தது தெரியுமா? பாங்கின் ஒவ்வொரு சொல்லையும் பெருமானாரே அவருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். தலையைத் தடவினார்கள். பரக்கத்துக்காக துஆச் செய்தார்கள். மக்காவின் முஅத்தினாகவே அவரை நியமித்தார்கள்.

கேலி செய்த குரலில் இருந்த இனிமையை நபிகளார் கேட்டார்கள். பள்ளிவாசலை விட்டு விலகி நின்ற ஒரு வாலிபனை முஅத்தின் ஆக்கினார்கள். நாமோ பள்ளிவாசலுக்குள் வந்த ஒரு வாலிபனை வெளியே அனுப்பினோம். யா அல்லாஹ், எங்களை மன்னிப்பாயாக!

எனவே அந்தத் தந்தையிடம், "முதலில் உங்கள் மகனைப் பார்த்து நாம் மன்னிப்புக் கேட்டு விட்டு வருகிறோம், பிறகு பேசுவோம்" என்றோம்.

கடற்கரையில் கேட்டது

இரண்டு நாள் கழித்து அஸருக்குப் பின் கடற்கரைக்குப் போனோம். கரையேற்றிப் போட்டிருந்த ஒரு படகின் நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தான். நம்மைக் கண்டதும் எழப் பார்த்தான். உட்காரச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தோம். "அன்று பள்ளியில் உன்னை எல்லோர் முன்னிலும் கேவலப்படுத்தினோம். அது தவறு. மன்னித்துக்கொள், தம்பி" என்றோம். அவன் கடலையே பார்த்துக் கொண்டிருந்தான். நெடுநேரம் பேசவில்லை. நாமும் பேசவில்லை. ஒரு சொல்லும் உபதேசமாகச் சொல்வதில்லை என்று நிய்யத்து வைத்துக் கொண்டே போயிருந்தோம்.

பிறகு அவனாகவே சொன்னான்: "உம்மா மவ்த்தான அன்னைக்கு மாமாங்களோட நானும் கபுருக்குள்ள இறங்கினேன். வாப்பா வரலை. மூணாம் நாள்தான் வந்தாங்க. ஒரு மாசத்துல உம்மாவோட தையல் மிஷினைத் தூக்கி யாருக்கோ கொடுத்துட்டாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை."

அவ்வளவுதான். பதினான்கு வயதில் தாயைத் தன் கையால் கபுரில் வைத்த பிள்ளை மூன்றாண்டுகளாகச் சுமந்து கொண்டிருந்த சொற்கள் இவை. ஊரார் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தலைமுடியும் சிகரெட்டும்தான்.

துயரம் பெரியவர்களிடம் கண்ணீராக வரும். இளம் பிள்ளைகளிடம் அது பல வேளைகளில் கோபமாக வரும், பிடிவாதமாக வரும், படிப்பில் மனம் செல்லாமையாக வரும், தூக்கம் கெட்டு ஊர் சுற்றுவதாக வரும் என்று இன்றைய மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கோபத்தை மட்டும் பார்த்து அடிப்பவர், காய்ச்சலில் கொதிக்கும் உடம்பைக் கொதிக்கிறதே என்று அடிப்பவரைப் போன்றவர்.

யாருடைய பொருள்?

மறுநாள் தந்தையைத் தனியே அழைத்தோம். "உங்கள் மனைவி மவ்த்தான போது அவர் விட்டுச் சென்ற பொருளைப் பங்கு வைத்தீர்களா?" என்று கேட்டோம்.

அவர் திகைத்தார். "அவளுக்கு என்ன சொத்து? பதினாறு பவுன் நகை இருந்துச்சு. அதை வித்துத்தான் கடை வச்சேன். தையல் மிஷின் இருந்துச்சு. ஒரு ஏழை விதவைக்கு ஸதகாவாக் கொடுத்துட்டேன். அவளுக்கு நன்மை சேரட்டும்னுதான் கொடுத்தேன்."

சகோதரர்களே! இந்த இடத்தில் நம்மில் பெரும்பாலோர் செய்யும் பிழை ஒன்று இருக்கிறது. மனைவி இறந்தால் அவள் பொருளெல்லாம் கணவனுக்கே என்று நினைக்கிறோம். திருமறையின் நான்காவது அத்தியாயமான ஸூரத்துந் நிஸா இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. இறந்தவளுக்குப் பிள்ளை இல்லையெனில் கணவனுக்குப் பாதி. பிள்ளை இருந்தால் கணவனுக்கு நான்கில் ஒன்றுதான். கடனும் வஸிய்யத்தும் நிறைவேற்றிய பின் இந்தக் கணக்கு. அந்தப் பெண்மணிக்குத் தாயும் தந்தையும் முன்பே இறந்து விட்டார்கள். கடன் இல்லை, வஸிய்யத்தும் இல்லை. ஒரே மகன். அப்படியானால் பதினாறு பவுனில் தந்தைக்கு நான்கு பவுன். மகனுக்குப் பன்னிரண்டு பவுன்! தையல் மிஷினிலும் நான்கில் மூன்று பங்கு அவனுடையது.

அவரிடம் சொன்னோம்: "உங்கள் சொத்திலிருந்து மகனை நீக்க மஸ்அலா கேட்டு வந்தீர்கள். அவன் முதலில் நீங்கள் கடை வைத்திருக்கிறீர்கள். கல்லாவிலிருந்து சொல்லாமல் எடுத்தது அவன் தவறுதான். ஆனால் அந்தக் கல்லாவில் அவனுக்கும் பங்கு இருந்தது என்பதை நீங்களும் அவனிடம் சொல்லவில்லையே!"

பருவம் எய்தாத பிள்ளையின் பொருளுக்குத் தந்தை காவலர். அதைப் பிள்ளையின் நலனுக்காகக் கையாளலாம். அவனுக்காகச் செலவானதற்குக் கணக்கு வைத்துக் கொள்ளலாம். ஆனால் அதை எடுத்துத் தருமம் செய்ய உரிமையில்லை. சிறு பிள்ளை சரி என்று தலையாட்டினாலும் செல்லாது. வளர்ந்த பிள்ளையாக இருந்தால் அவனுடைய சம்மதம் வேண்டும். நல்ல எண்ணத்தோடு கொடுத்திருந்தாலும், பிறர் பங்கை எடுத்துக் கொடுத்தது எப்படித் தருமமாகும்? அனாதைகளின் பொருள் விஷயத்தில் எச்சரிக்கும் அதே அத்தியாயம், பிள்ளைகள் பக்குவம் அடைந்ததும் அவர்கள் பொருளைச் சாட்சிகளோடு ஒப்படைக்கும்படியும் கட்டளையிடுகிறது.

அவர் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். "ஹஜ்ரத், அந்த மிஷினை நான் ஏன் கொடுத்தேன் தெரியுமா? லீவுல வரும்போதெல்லாம் விடிய விடிய அந்தச் சத்தம்தான் கேட்கும். அவ போன பிறகு அது மூலையில சும்மா கிடந்துச்சு. பார்க்கப் பார்க்க நெஞ்சு அடைச்சுடும் போல இருந்துச்சு. அதான் கொடுத்தேன்."

"மூன்றாம் நாள் வந்தீர்களே, அது ஏன்?"

"மவ்த்து செய்தி வந்த நேரம் பாஸ்போர்ட் கபீல்கிட்ட இருந்துச்சு. அவர் வேற ஊருக்குப் போயிருந்தார். அவர் வந்து எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா போட்டு, டிக்கெட் கிடைச்சு வந்து சேர மூணு நாள் ஆச்சு. ஆபீஸ் வாசல்லயே படுத்துக் கிடந்தேன்."

"இதை உங்கள் மகனிடம் சொல்லியிருக்கிறீர்களா?"

"எப்படிச் சொல்றது? சொன்னா அழுதுடுவேனே. பிள்ளை முன்னாலயா அழறது?"

கண்ணீர் குறையல்ல

சகோதரர்களே! ஆண் பிள்ளை முன் தந்தை அழக்கூடாது என்று நமக்கு யார் கற்றுக் கொடுத்தது? மார்க்கம் கற்றுக் கொடுக்கவில்லை.

நம் நபிகளார் (ஸல்) ஆறு வயதில் அப்வா எனுமிடத்தில் தாய் ஆமினாவை இழந்தவர்கள். பல்லாண்டுகள் கழித்து, பெரும் கூட்டத்தின் தலைவராகத் தாயின் கபுருக்கு வந்து நின்றார்கள். அழுதார்கள். அவர்கள் அழுததைக் கண்டு சுற்றி நின்றவர்களும் அழுதார்கள் என்று ஹதீது கூறுகிறது. ஹிஜ்ரி பத்தாம் ஆண்டில் தம் கைக்குழந்தை இப்ராஹீம் உயிர் பிரிந்த போதும் கண்ணீர் வடித்தார்கள். அதைக் கண்டு வியந்த தோழரிடம், அது இரக்கம் என்றே விளக்கினார்கள். கண் அழலாம், உள்ளம் வருந்தலாம். இறைவனுக்குப் பொருந்தாத சொல்லை நாவு சொல்லலாகாது. இதுவே நமக்குக் கிடைத்த வழி.

நபி யஃகூப் (அலை) அவர்கள் மகன் யூஸுபை நினைத்து அழுது அழுது கண் வெளுத்துப் போனார்கள். அந்தத் தந்தையின் கண்ணீரைத் திருமறை மறைக்கவில்லை. அழகிய பொறுமை என்று அவர்கள் சொன்னதையும் அதே ஸூரா கூறுகிறது. ஸபுர் என்பது கண் வறண்டு போவதல்ல என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

இன்னொன்றும் உண்டு. கதீஜா நாயகியார் (ரலி) மறைந்த பின் நபிகளாரும் மனைவியை இழந்த தந்தையாகவே இருந்தார்கள். வீட்டையும் பிள்ளைகளையும் கவனிக்க ஸவ்தா (ரலி) அவர்களை மணந்தார்கள். ஆகவே மறுமணம் குற்றமல்ல. தேவைப்படுவோருக்கு அது நலமே. ஆனால் மறுமணத்தால் கதீஜா நாயகியாரின் பெயர் அந்த வீட்டில் மறைந்துவிடவில்லை. ஆடு அறுத்தால் கதீஜாவின் தோழியர் வீடுகளுக்கு இறைச்சி அனுப்பினார்கள். பல்லாண்டுகள் கழிந்தும் அவர்களை வாயாரப் புகழ்ந்தார்கள். இறந்த தாயின் பெயரை உச்சரிக்காத வீட்டில் பிள்ளைக்கு மூச்சு முட்டும். "உங்க உம்மா வைக்கிற குழம்பு இப்படி இருக்காது" என்று தந்தை ஒரு வார்த்தை சொல்லட்டும். அந்தப் பிள்ளை இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிடுவான்.

நடுவில் இருந்தவள்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா உலூமுத்தீன் எனும் பெருநூலில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதும்போது இரண்டு விஷயங்களைக் குறிப்பிடுகிறார்கள். தந்தை ஓயாமல் கண்டித்துக் கொண்டிருந்தால் பிள்ளைக்கு அது பழகிப் போய், சொல்லின் மதிப்பே போய்விடும். எனவே தந்தை எப்போதாவதே கண்டிக்க வேண்டும், மற்ற நேரங்களில் தாய் தந்தையின் பெயரைச் சொல்லித் தடுத்துக் கொள்வாள் என்பது ஒன்று. பிள்ளை ஒரு தவறை மறைவாகச் செய்து, மறைக்கவும் முயன்றால், முதல் முறை கண்டும் காணாதது போல் விட்டு விட வேண்டும், மீண்டும் செய்தால் தனிமையில் கண்டிக்க வேண்டும் என்பது மற்றொன்று. நாம் பள்ளிவாசலில் செய்தது இதற்கு நேர்மாறு!

தாய் இருக்கும் வீட்டில் தந்தையின் கோபம் அவள் வழியாகவே பிள்ளையிடம் போகும். அவள் பாதியைக் குறைத்து விடுவாள். பிள்ளையின் விருப்பமும் அவள் வழியாகவே தந்தையிடம் வரும். அதையும் பக்குவப்படுத்தித் தருவாள். வெளிநாட்டில் இருக்கும் கணவன் பணம் அனுப்புவான்; அவள் அதை வாப்பாவின் அன்பு என்று மொழிபெயர்த்துச் சொல்வாள். அவள் போன பின் இருவரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். ஒருவர் பாஷை மற்றவருக்குப் புரிவதில்லை. தாயில்லா வீட்டுத் தந்தை தன் வேலையோடு அவள் வேலையையும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அதைக் கற்றுக்கொள்ளப் பாடம் இருக்கிறது. திருமறையில் நான்கு தந்தையர் தம் மகனை அழைக்கும் இடங்களைப் பாருங்கள். பிரளயத்தின் நடுவே, கப்பலில் ஏற மறுத்து மலைக்கு ஓடும் மகனை நூஹ் (அலை) அழைக்கிறார்கள். கனவு கண்டு வந்த சிறுவன் யூஸுபை யஃகூப் (அலை) எச்சரிக்கிறார்கள். லுக்மான் (அலை) உபதேசிக்கிறார்கள். இப்ராஹீம் (அலை) தாம் கண்ட கனவைச் சொல்லி, உன் கருத்தென்ன என்று இஸ்மாயீல் (அலை) அவர்களிடமே கேட்கிறார்கள். ஆறு இடங்களிலும் ஒரே அழைப்புத்தான்: 'யா புனய்ய'. வெறுமனே மகனே என்பதல்ல அதன் பொருள். சின்னஞ்சிறு பிள்ளையைக் கொஞ்சும் சொல் அது. என் செல்லமே என்கிறோமே, அது போல. கட்டுப்பட்ட இஸ்மாயீலுக்கும் அதே சொல்; கட்டுப்படாத நூஹின் மகனுக்கும் அதே சொல்! மலை போல் அலை எழும்பிய போதும் நூஹ் (அலை) அந்தச் சொல்லை மாற்றவில்லை. மகன் கேட்கவில்லை, மூழ்கினான். ஆனால் தந்தை கதவை அடைத்தார் என்று மறுமையில் எவரும் சொல்ல முடியாது.

தந்தையரே! உங்கள் மகன் நேர்வழிக்கு வருவது உங்கள் கையில் இல்லை. நபிமாருக்கே அது இல்லை. அழைக்கும் சொல் மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது. கோபத்தில் பிள்ளையைச் சபித்து விடாதீர்கள். அல்லாஹ் துஆவை ஏற்கும் நேரமாக அது அமைந்து விடக்கூடும் என்று நபிகளார் (ஸல்) எச்சரித்திருக்கிறார்கள். ஏற்கப்படும் துஆக்களில் ஒன்று பெற்றவரின் துஆ. அந்த வாளை உங்கள் மகனின் கழுத்தில் வைக்காதீர்கள்.

மகன்களுக்கு ஒரு சொல்

இளம் சகோதரனே! உனக்கும் சொல்ல வேண்டும். உன் துயரம் மெய். ஆனால் உன் வாப்பாவும் ஒருத்தியை இழந்தவர்தான். நீ உம்மாவை இழந்தாய். அவர் மனைவியை இழந்தார். நீ நிறைய நாள் அவளோடு இருந்தாய். அவர் இரண்டாண்டுக்கு இரண்டு மாதம் இருந்தார். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், யாருக்கு அதிகம் நஷ்டம் என்று நீயே தடுமாறுவாய்.

பெற்றவரைச் 'சீ' என்றும் சொல்லாதே என்பது இறை கட்டளை. தந்தை தவறே செய்யாதவர் என்பதற்காக இடப்பட்ட கட்டளையல்ல அது. ஸஃது இப்னு உபாதா (ரலி) அவர்களின் தாயார் இறந்த போது அவர்களும் அருகில் இல்லை. திரும்பி வந்து, தாயாருக்காகத் தருமம் செய்தால் அவருக்குப் பயன்படுமா என்று நபிகளாரிடம் கேட்டார்கள். ஆம் என்ற விடை கிடைத்ததும் தம் தோட்டத்தையே தாயாரின் பெயரால் தருமமாக்கினார்கள். இறந்தவருக்குத் தொடர்ந்து சேரும் நன்மைகளில் ஸாலிஹான பிள்ளையின் துஆவும் ஒன்று. உன் உம்மாவுக்கு உலகில் மிஞ்சியிருக்கும் பெரிய சொத்து நீதான். அதைத் தெருவில் எறியலாமா?

பின்னர் நடந்தது

அன்றிரவு அந்தத் தந்தை வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக் கொண்டு மகனை அழைத்திருக்கிறார். பதினாறு பவுன், அதில் பன்னிரண்டு உன்னுடையது, மிஷினில் முக்கால் பங்கு உன்னுடையது, கேட்காமல் கொடுத்தது என் தவறு என்று சொல்லியிருக்கிறார். பாஸ்போர்ட் விஷயத்தைச் சொல்லும்போது அழுதிருக்கிறார். மகன் ஒன்றும் சொல்லவில்லை; எழுந்தும் போகவில்லை.

மிஷின்தான் வேண்டும் என்றான். இருவரும் அந்த விதவையின் வீட்டுக்குப் போனார்கள். அவள் தைத்துக் கொண்டிருந்தாள். இரண்டு சிறு பிள்ளைகள் பக்கத்தில் துண்டுத் துணிகளை வைத்து விளையாடிக் கொண்டிருந்தன. அவன் வாசலிலேயே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தானாம். பிறகு, "இருக்கட்டும் வாப்பா. உம்மா பேருல இருக்கட்டும்" என்றானாம்.

அந்தப் பிள்ளை வளர்ந்தவன். தன் பங்கைத் தானே மனமுவந்து கொடுத்தான். அன்றுதான் அந்தத் தருமம் தருமமாயிற்று.

அவன் அடுத்த நாளே மாறிவிட்டான் என்று எழுத நமக்கு ஆசை. அப்படி நடக்கவில்லை. சிகரெட் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. ஃபஜ்ருக்கு வருவதில்லை, வெள்ளிக்கிழமை வருகிறான், கடைசி ஸஃப்பில். படிப்பை விட்ட இடத்திலிருந்து தொடர விண்ணப்பித்திருக்கிறான். சில நாள் சண்டையும் நடக்கிறது. ஆனால் இரவுச் சோறு இருவருக்கும் ஒரே ஸஹனில்தான். வியாழக்கிழமை அஸருக்குப் பின் இருவரும் கபுரஸ்தானுக்குப் போய் யாஸீன் ஓதி வருகிறார்கள். பத்திரிகை விளம்பரத்தைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை.

இத்தகைய நிலையில் இருக்கும் தந்தையருக்குச் சுருக்கமாகச் சில சொல்கிறோம். மனைவி விட்டுச் சென்ற பொருளைப் பங்கு வையுங்கள். பிள்ளையின் பங்கை எழுதி வைத்து அவனுக்குக் காட்டுங்கள். நாளுக்கு ஒரு வேளையேனும் சேர்ந்து உண்ணுங்கள். அந்த வேளையில் கண்டிக்காதீர்கள். கண்டிக்க வேண்டியதைத் தனிமையில், ஒரு முறை, அமைதியாகச் சொல்லுங்கள். மறுமணம் செய்வதாயின் ஊரார் வாயால் அல்ல, உங்கள் வாயால் முதலில் பிள்ளைக்குச் சொல்லுங்கள். பிள்ளை உண்ணாமல் உறங்காமல் ஒடுங்கிப் போனாலோ, வாழ்வே வேண்டாம் எனும் பாணியில் ஒரு சொல் சொன்னாலோ, தாயத்து தேடி அலைந்து நாளைக் கடத்தாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எனும் தொலைபேசி உதவிக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம். நோய்க்கு மருந்து தேடுவது தவக்குலுக்கு மாறானதல்ல.

பிள்ளைகளில் சிலர் நமக்குப் பகையாக அமையக்கூடும் என்று எச்சரிக்கும் ஸூரத்துத் தகாபுனின் அதே வசனம், அத்தோடு நில்லாமல், மன்னிப்பதையும் பொருட்படுத்தாது விடுவதையும் புகழ்ந்து, அல்லாஹ்வின் மன்னிப்பையும் கருணையையும் நினைவூட்டியே முடிகிறது. நாமும் அந்த இடத்திலேயே முடிப்போம்.

யா அல்லாஹ்! தாயை இழந்த பிள்ளைகளின் உள்ளங்களுக்கு நீ ஆறுதலளிப்பாயாக! துணையை இழந்த தந்தையரின் நாவில் மென்மையைத் தருவாயாக! பிறர் பங்கை அறியாமல் உண்டவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் துணிவைத் தருவாயாக! உபதேசம் என்ற பெயரில் உன் அடியார்களை உன் வீட்டை விட்டு விரட்டிய எங்கள் பிழையைப் பொறுத்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!